தாழ்ப்பாள் இல்லாத வீடு

"என் கையை யார் சுட்டாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

கட்டிலில் கிடந்தவள் இப்படிக் கேட்டதும் கடுகுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க கைதானேம்மா? சுடும்போது நீங்களும் கூடத்தானே இருந்திருப்பீங்க?"

கேட்ட பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"இருந்தேன்," என்றாள் அந்தப் பெண். "ஆனா இல்லை."

தீக்காயப் பிரிவில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. அங்கே யாரும் வாய்விட்டு அழுவதில்லை. அழுதால் தோல் இழுக்கும். திரைக்குப் பின்னால் திரை, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ மெதுவாக மூச்சு விடுகிறார்கள். கடுகு வாயாடிதான், ஆனால் அங்கே அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

கடுகு என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. ஆள் நாலே முக்கால் அடி, பேச்சு பத்தடி. துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த முதல் நாளே முதலாளி வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு அவளும் முதலாளிக்கு ஒரு பெயர் வைத்தாள்: சாம்பலார். தீயணைப்புத் துறையில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர் அவர். எரிந்த வீட்டுக்குள் போய்ச் சாம்பலைக் கிளறி, தீ எந்த மூலையில் பிடித்தது என்று சொல்வதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்றதும் அடுத்தவர் வீட்டு விவகாரங்களைக் கிளற ஆரம்பித்துவிட்டார். பழக்க தோஷம்.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார் சாம்பலார்.

கட்டிலில் இருந்தவள் தையற்காரி. வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். அந்த வலது கை இப்போது மணிக்கட்டு வரை வெள்ளைப் பொதியாகத் தலையணை மேல் தனியே படுத்திருந்தது. விரல்கள் மறுபடி விரியுமா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறாராம்.

"நேத்து மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன் சார். அவர் பேக்கரியில அடுப்பு மாஸ்டர். பின்வாசல் வழியா உள்ளே போனது ஞாபகம் இருக்கு. ரொட்டி வாசனை வந்துச்சு. அப்புறம் பார்த்தா தரையில கிடக்கேன். மூஞ்செல்லாம் தண்ணி. கை எரியுது. நடுவுல ஒண்ணுமே இல்லை. துணியைக் கத்தரிச்சு எடுத்த மாதிரி."

"மயக்கமா?"

"வெயில்ல வந்தேன் சார். மயக்கம்தான்." பதில் கேள்விக்கு முன்னாலேயே தயாராக இருந்தது போல வந்தது.

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"போலீஸ்கிட்ட 'நான்தான் சுட்டேன்'னு சொன்னாராம். அதுக்கு மேல ஏன் எதுக்குன்னு கேட்டா வாயே திறக்கலையாம்."

"அப்ப கேஸ் முடிஞ்சுபோச்சே சார்," என்றாள் கடுகு. "குத்தவாளியே வந்து குனிஞ்சு நிக்கிறான். நமக்கு என்ன வேலை?"

தையற்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் சுட மாட்டாரும்மா. ஆனா அவரேதான் சுட்டேன்னு சொல்றார். நான் எதை நம்பறது? சாயங்காலம் எங்க அண்ணன் இன்ஸ்பெக்டரம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்றார். புகார்ல நான் ரேகை வச்சா என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போயிடுவார். வைக்காம இருந்து, அவர் சொன்னது நிஜமா இருந்துட்டா, நான் திரும்ப அதே வீட்டுக்குத்தான் போகணும்."

'அதே வீட்டுக்கு' என்று சொன்னபோது குரல் இறங்கிப்போனது. சாம்பலார் அதைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல என்ன?"

"உள்ளே ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது சார். ஒவ்வொண்ணா அவரே கழட்டிட்டார். கேட்டா துரு பிடிச்சுப்போச்சும்பார். சமையலெல்லாம் அவர் இருக்கும்போதே முடிச்சாகணும், அடுப்பைப் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போவார். நான் குளிக்கப் போனா வெளியே நின்னு பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பார். பதில் வரலேன்னா கதவைத் தட்டுவார். சில ராத்திரி முழிச்சுப் பார்த்தா தூங்காம என்னையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பார். அடிச்சதில்லை, திட்டினதில்லை. அதான் சார் இன்னும் பயமா இருக்கு."

கடுகு கட்டிலுக்குக் கிட்டே நகர்ந்து நின்றாள். கட்டிய மனைவியை இப்படி உட்கார்ந்து பார்க்கிறவன் எதற்காகப் பார்க்கிறான்?

சாம்பலார் அவள் இடது முழங்கையைக் காட்டினார். அங்கே ஒரு பழைய தழும்பு. கழுத்தில் ஒன்று. பாதத்தில் வழிந்து காய்ந்த மாதிரி இன்னொன்று.

"இதெல்லாம்?"

"அது சுடுதண்ணி. இது இஸ்திரிப் பெட்டி. கவனப் பிசகுதான். எனக்கு எப்பவுமே கவனம் பத்தாது."

பொத்தான் துளை தைக்கிற கைக்குக் கவனம் பத்தாதாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தபோது வராந்தாவில் அண்ணன்காரர் வழிமறித்தார். மரக்கடை வைத்திருக்கிறவர். சட்டையில் மரத்தூள் வாசனை, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு.

"துப்பறிய இதுல என்ன சார் இருக்கு? நெருப்பில்லாம புகையுமா? உடம்பெல்லாம் தழும்பு. பார்த்தீங்கல்ல?"

"நீங்க எப்ப வந்தீங்க?"

"நேத்து கடையில இருந்தேன். சேதி தெரிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். எங்க சின்னத் தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கு. இந்த நேரத்துல இப்படி ஒரு தலைக்குனிவு. அந்த ஆளைச் சும்மா விட மாட்டேன்."

"விடாதீங்க," என்றாள் கடுகு மனப்பூர்வமாக.

*

அந்த வீடு சுத்தமாக இருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது. கொடுமைக்காரன் வீடு என்றால் எங்காவது ஒரு உடைந்த தட்டாவது கிடக்க வேண்டாமா?

தாழ்ப்பாள்கள் இல்லைதான். திருகாணித் துளைகளை மெழுகு வைத்து அடைத்து, மேலே சாயமும் பூசியிருந்தான். சமையலறையில் எரிவாயு உருளையின் வாயைச் சின்ன இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டு. அடுப்பைச் சுற்றிக் கம்பி வேலி. இஸ்திரிப் பெட்டியைக் காணோம். கண்ணாடி டம்ளர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எவர்சில்வர். படுக்கையறையில் கட்டில் தரையோடு தரையாகக் கிடந்தது. கால்களை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.

"சார், ஜெயில்லகூட கட்டிலுக்குக் கால் உண்டு," என்றாள் கடுகு. சிரிக்க நினைத்தாள், வரவில்லை.

"பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ," என்றார் சாம்பலார்.

"எதுக்கு சார்?"

"போம்மா."

உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடியது. அது இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான மெழுகு. இருட்டு. எங்கோ சொட்டும் தண்ணீர். இந்த இருட்டில் நின்றுகொண்டு, வெளியே இருந்து வரும் குரலுக்குத் தினமும் பதில் சொல்லிக்கொண்டே குளித்த பெண்ணை நினைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன். பதில் வராவிட்டால் தட்டுவான்.

"உள்ளே இருக்கியா?" என்றது வெளியே ஒரு குரல்.

சாம்பலார்தான். தெரியும். தெரிந்தும் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்த வேகத்தில் கதவு அவர் மூக்கில் இடித்தது.

"மன்னிச்சிருங்க சார். ஆனா இந்தக் கதவு வேற தப்பான பக்கம் திறக்குது."

சாம்பலார் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். வலியிலும் அவர் முகம் மாறிவிட்டிருந்தது.

"நல்லாப் பாரு. பழைய கீல் எங்கே இருந்துச்சு?"

கடுகு தடவிப் பார்த்தாள். நிலையின் உள்பக்கத்தில் பழைய கீலின் தடம். முன்பு உள்நோக்கித் திறந்த கதவை யாரோ கழற்றி, வெளிநோக்கித் திறக்கிற மாதிரி மாட்டியிருந்தார்கள்.

"தீயணைப்புல எங்களுக்குப் பெரிய தலைவலி எது தெரியுமா? நெருப்பு இல்லை. பாத்ரூம் கதவு. உள்ளே ஆள் மயங்கிக் கதவு மேலேயே விழுந்து கிடப்பாங்க. உள்பக்கம் திறக்கிற கதவை எவ்வளவு தள்ளினாலும் அசையாது, ஆளே முட்டுக்கட்டை. கதவை வெளியே திறக்கிற மாதிரி மாத்தறவன் ஒரு விஷயத்துக்குத்தான் பயப்படறான்."

"உள்ளே ஒருத்தர் விழுவாங்கன்னு," என்றாள் கடுகு மெதுவாக.

"இப்ப வீட்டைத் திரும்பச் சுத்திப் பாரு. அதே கண்ணு வேண்டாம். வேற கண்ணால."

கடுகு சுற்றினாள். கால் அறுத்த கட்டில்: உருண்டு விழுந்தாலும் அடிபடாது. கண்ணாடி இல்லாத வீடு: கையில் இருப்பது நழுவினாலும் கிழிக்காது. பூட்டிய அடுப்பு: தனியாக இருக்கும்போது அதன் மேல் சாய முடியாது. தையல் மெஷின் மேஜையின் கூர்மூலைகளில் பழந்துணியை மடித்துச் சுற்றித் தைத்திருந்தது. குழந்தை தவழும் வீட்டில் செய்வார்கள். ஆனால் இந்த வீட்டில் குழந்தை இல்லை.

குனிந்து அந்தத் தையலைப் பார்த்தாள். ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே, கோணல்மாணலாக, முடிச்சு மேல் முடிச்சு. தையற்காரி தைத்த தையலே இல்லை. ஊசி பிடிக்கத் தெரியாத தடித்த விரல் ஒன்று மனைவி இல்லாத நேரத்தில் உட்கார்ந்து தைத்திருக்கிறது.

"வலிப்பு," என்றாள். "துணியைக் கத்தரிச்ச மாதிரி ஞாபகமே இல்லைன்னாங்களே, இவங்களுக்கு வலிப்பு வருது சார். பழைய தழும்பெல்லாம் அப்பப் பட்டதுதான். கொதிக்கிற தண்ணிகிட்ட நிக்கும்போது, இஸ்திரி போடும்போது. இவர் சுடலை. அவங்க சுட்டுக்காம இருக்கத்தான் வீட்டையே மாத்தியிருக்கார்."

"சரி. அப்புறம் ஏன் 'நான்தான் சுட்டேன்'னு சொல்றார்?"

கடுகு சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "பேக்கரியில கேப்போம் சார்."

*

பேக்கரியின் பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. மாஸ்டர் இல்லை என்பதற்காக ஊரில் யாரும் ரொட்டி தின்னாமல் இருக்கப்போகிறார்களா? மாவு பிசைகிறவர்தான் அடுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முதல் கால் வரை வெள்ளைப் பொடி. கேள்வி கேட்டால் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்ற ஒரே பதில்.

"இவர் வாயில பூட்டு, அவங்க வீட்டு அடுப்புல பூட்டு. ஊருக்கே பூட்டு வியாபாரம் அமோகம்," என்றாள் கடுகு.

சாம்பலார் சுவரில் தொங்கிய கையுறைகளை எடுத்தார். முரட்டுத் துணியில் பஞ்சு திணித்துத் தைத்த தடித்த உறைகள், முழங்கை வரை நீளம். கடுகிடம் நீட்டினார்.

"மாட்டிக்கோ."

மாட்டிக்கொண்டாள். அடுப்பு வாயில் செருகியிருந்த, ரொட்டியைப் புரட்டுகிற இரும்புக் கரண்டி ஒன்றை அவர் துணியைச் சுற்றி இழுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"கனமா இருக்கு."

"சூடு?"

"இல்லையே. பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு."

சாம்பலார் பக்கத்து வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி அந்தக் கரண்டி மேல் தெளித்தார். சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. கடுகு கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் துள்ளினாள்.

மாவுக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சூடு பட்ட கை உதறும்," என்றார் சாம்பலார் அவரைப் பார்த்து. "பூனைக்குக்கூட அது தெரியும். ஆனா அந்தப் பொண்ணு கையில உள்ளங்கையும் வெந்திருக்கு, அஞ்சு விரலோட உள்பக்கமும் வெந்திருக்கு. புறங்கையில ஒரு பொட்டுகூட இல்லை. நர்சம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். சூடு வைக்கிறவன் மேலே வைப்பான். விரலை மடக்கிப் பிடிக்க வைக்க அவனால முடியாது. இது ஒரு இரும்பை இறுக்கிப் பிடிச்ச கை. வலிப்பு வந்தவங்க கையில எதைப் புடிக்கக் குடுப்பாங்க, சொல்லுங்க."

மாவுக்காரர் எழுந்து போய், மாவு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கொக்கியை எடுத்து வந்தார். அடுப்புக்குள்ளிருந்து தட்டுகளை இழுக்கிற நீளமான இரும்புக் கொக்கி. தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"மாஸ்டர் இதைப் பார்க்கவே மாட்டேன்னுட்டார். அதான் ஒளிச்சு வச்சேன். சத்தியம் வாங்கியிருக்கார் சார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. போலீசுக்கும் இந்தக் கொக்கி விஷயம் தெரியாது. ஏதோ சூட்டுத் தட்டுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"நாங்களாக் கண்டுபிடிச்சதை நீங்க ஆமான்னு சொன்னாப் போதும். சத்தியம் உடையாது," என்றாள் கடுகு. இந்தச் சட்ட நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று சாம்பலாருக்கே ஆச்சரியம்.

"அவங்க உள்ளே வந்தாங்க. சாப்பாட்டுத் தூக்கு கையிலேருந்து விழுந்துச்சு. ஆளும் விழுந்தாங்க. கையும் காலும் வெட்டி இழுக்குது. மாஸ்டர் தட்டு இழுத்துக்கிட்டிருந்தவர், உறையோடயே ஓடினார். முன்பக்கம் கடையில ஒரே கூட்டம், அவங்களுக்கு உள்ளே நடக்கறது தெரியாது; நடைவாசல்லேருந்து யாரோ 'இரும்பு, இரும்பைக் கையில குடு'ன்னு கத்தினாங்க. மாஸ்டர் கையில இருந்ததே அந்தக் கொக்கிதான். அடுப்புல பாதி கிடந்தது. அவருக்கு அது நினைப்பே இல்லை. அவங்க கையில வச்சு, விரலை மடக்கி, மேலே தன் ரெண்டு கையாலயும் பொத்திப் புடிச்சுக்கிட்டார். 'சரியாயிடும், சரியாயிடும்'ங்கறார். வாசனை வந்தப்பதான் சார்..."

அவர் நிறுத்தினார். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. கடுகு மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்குப் போய் நின்றாள். இனி எந்த நாளும் அவளால் அந்த வாசனையை முன்னைப்போல முகர முடியாது.

"மனைவிக்கு வலிப்புன்னு மாஸ்டருக்கு எப்பலேருந்து தெரியும்?" சாம்பலார் கேட்டது அவள் காதில் விழுந்தது.

"கல்யாணம் ஆன புதுசுலயே. தூக்கத்துல வந்துச்சாம். காலையில அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை. எதையோ மறைக்கறாங்கன்னு இவருக்குப் புரிஞ்சுபோச்சு. கேட்டா கூனிக் குறுகிடுவாங்கன்னு கேக்கலை. 'அவளாச் சொல்லட்டும்'னு காத்துக்கிட்டே இருக்கார்."

"டாக்டர்கிட்ட கூட்டிப் போயிருக்கலாமே."

"அவங்களாச் சொல்லாம எப்படிக் கூட்டிப் போறதும்பார். இப்பவும் அதான். விஷயம் வெளியே வந்தா கொழுந்தியா கல்யாணம் நின்னுபோகும், என் பொண்டாட்டி உசிரையே விட்டுடுவா, அதுக்குப் பதிலா நான் ஜெயில்ல இருக்கேன்னார்."

திரும்பி நடக்கும்போது கடுகு, "இப்படிக்கூட ஒரு மனுஷன் முட்டாளா இருப்பானா சார்?" என்றாள். கோபத்தில்தான் சொன்னாள், ஆனால் கண் நிறைந்துவிட்டது.

"சீக்கிரம் நட," என்றார் சாம்பலார். "ரேகை வச்சுட்டா எடுக்கறது கஷ்டம்."

*

இன்ஸ்பெக்டரம்மா கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார். மை ஒட்டிய பஞ்சுப் பெட்டி திறந்திருந்தது. அண்ணன்காரர் தங்கையின் இடது கட்டைவிரலைப் பிடித்திருந்தார்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் சாம்பலார் மூச்சு வாங்கியபடி. "புகாரை ஒருதரம் படிச்சுக் காட்டிட்டு ரேகை வாங்கலாமே. எதுல வைக்கிறோம்னு அவங்களுக்கும் தெரியணும்ல?"

"அதெல்லாம் தெரியும்," என்றார் அண்ணன். "புருஷன் கொடுமைக்காரன். பேய் பிடிச்சிருக்குன்னு நினைச்சு, அடுப்புக் கொக்கியைக் காய்ச்சிக் கையில சூடு வச்சான். இதுல புதுசா என்ன இருக்கு?"

சாம்பலார் கடுகைத் திரும்பிப் பார்த்தார். கடுகுதான் அவர் வேலையை முடித்தாள்.

"என்ன சொன்னீங்க, கொக்கியா?"

"ஆமா."

"இன்ஸ்பெக்டரம்மா, உங்களுக்குக் கொக்கின்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லையே. சூட்டுத் தட்டுன்னுதான் எழுதியிருக்கோம்." இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கொக்கி நேத்திலேருந்து மாவு மூட்டைக்குப் பின்னால இருக்கு. அது மூணு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் ஸ்டேஷன்ல வாயைத் திறக்கலை. ஒருத்தர் இப்பதான் எங்ககிட்ட அழுதார். மூணாவது ஆள், அங்கேயே நின்னு கண்ணால பார்த்தவர். நீங்க மரக்கடையில இல்லை அண்ணே. பேக்கரியில இருந்தீங்க."

அண்ணன்காரர் கை நழுவியது. தங்கையின் விரல் காற்றில் நின்றது.

"சின்னவ கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போயிருந்தேன்," என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "உள்ளே போற நடைவாசல்ல நின்னேன். இவ விழுந்தது தெரிஞ்சுது. சின்ன வயசுலேருந்து எங்க வீட்டுல அதான் பழக்கம். இவ விழுந்தா அம்மா சாவிக்கொத்தை எடுத்துக் கையில திணிப்பாங்க. நான்தான் ஓடிப்போய் எடுத்துட்டு வருவேன். வாய் தானா வந்துருச்சு. இரும்பைக் குடுன்னு நான்தான் கத்தினேன்."

"கத்தின குரல் உங்களுதுன்னு அவருக்குத் தெரியுமா?" சாம்பலார் கேட்டார்.

"தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துட்டுத்தான் குடுத்தார். இவ அண்ணன் சொல்றானே, இவனுக்குத் தெரியாததான்னு நம்பிக் குடுத்தார்."

அடுத்த கட்டில் திரை லேசாக விலகியது. யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னால மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் நான்தான். மாப்பிள்ளை வீட்டுல டப்பாவைப் பார்த்தா சம்பந்தம் முறிஞ்சுபோகும்னு. இப்ப சின்னவளுக்கும் அதே பயம். இவ புருஷன் கெட்டவன்னு ஆயிட்டா வியாதியைப் பத்திப் பேச்சே வராதுன்னு நினைச்சேன்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க, கேட்டிருக்கேன். அதுக்குப் பக்கத்துல ஒரு மனுஷனையும் சேர்த்துப் புதைக்கறதை இப்பதான் பார்க்கிறேன்," என்றாள் கடுகு. அது வேடிக்கைப் பேச்சாக வரவில்லை.

"இரும்பால ஒரு பிரயோஜனமும் இல்லைங்க," என்றார் சாம்பலார். "சாவி, கொக்கி எதுவும் வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பக்கத்துல சூடானதையும் கூரானதையும் நகர்த்திட்டு, கூடவே இருந்தாப் போதும். வலிப்பு அதுவா வரும், பெரும்பாலும் அதுவாப் போயிடும். போகலேன்னா ஆஸ்பத்திரி. கல்யாணம் வரைக்கும் அவங்களைக் காப்பாத்தினது உங்க சாவிக்கொத்து இல்லை, மாத்திரைதான்."

தையற்காரி அண்ணனைப் பார்க்கவில்லை. சாம்பலாரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. முதல் வருஷத்துலேருந்தே."

"தாழ்ப்பாள்?"

"நீங்க உள்ளே விழுந்தா கதவை உடைக்காம திறக்கறதுக்கு."

"அடுப்பு?"

சாம்பலார் தலையை மட்டும் அசைத்தார். மேஜை மூலையின் கோணல் தையலைப் பற்றிக் கடுகு சொன்னாள். அதைத் தையற்காரி பார்த்திருக்கிறாள். எலி கடிக்காமல் இருக்க என்று கணவன் சொன்னதை நம்பியிருக்கிறாள்.

"நான் அவரை ஏமாத்திக்கிட்டிருக்கேன்னு தினமும் செத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "அவர் பார்க்கும்போதெல்லாம் கண்டுபிடிச்சுட்டாரோன்னு. நேத்து அவர் நான்தான் சுட்டேன்னு சொன்னதும், பார்த்துட்டார், பேய்னு நினைச்சுட்டார், அதான் சூடு வச்சுட்டார்னு நானே நம்ப ஆரம்பிச்சேன். ரேகை வைக்கத்தான் இருந்தேன் சார்."

பிறகு இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தாள். "வேற காகிதம் இருக்காம்மா? நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

"மெதுவாச் சொல்லு. நாலு பேர் கேக்கறாங்க," என்றார் அண்ணன் தன்னை மறந்து.

"கேக்கட்டும்." அவள் குரலை உயர்த்தினாள். அந்தப் பிரிவில் அன்று முழுக்க யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கவில்லை. "எனக்கு வலிப்பு நோய் இருக்கு. ஆறு வயசுலேருந்து இருக்கு. நேத்து அதான் வந்துச்சு. என் புருஷன் என்னைக் காப்பாத்த வந்தவர். எழுதிட்டீங்களா?"

இன்ஸ்பெக்டரம்மா எழுதினார். தையற்காரி தானே மையில் விரலைத் தொட்டு, காகிதத்தில் அழுத்தினாள். அண்ணன்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கினார். சின்னத் தங்கையின் கல்யாணம் நடக்குமா, நிற்குமா என்பது அந்தக் காகிதத்தில் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு போலீஸ்காரர் மாஸ்டரைக் கூட்டி வந்து வாசலில் விட்டுப் போனார். கடுகு மனதில் வரைந்து வைத்திருந்த ஆள் இவர் இல்லை. ஒல்லி. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டிலுக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டார்.

"கிட்ட வாங்க," என்றாள் மனைவி.

வரவில்லை.

"எல்லாம் சொல்லிட்டாங்க. நீங்க வேணும்னு செய்யலை."

"உன் கை விறைச்சுக்கிட்டு இருந்துச்சு," என்றார் அவர், தரையைப் பார்த்து. "கொக்கி நழுவிடக் கூடாதேன்னு அழுத்திப் புடிச்சேன். உனக்கு இன்னும் துடிச்சுது. சீக்கிரம் நிக்கட்டும்னு இன்னும் அழுத்தினேன். நீ கத்தியிருந்தா விட்டிருப்பேன். நீ கத்தவே இல்லை."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடுகு சாம்பலாரின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரியாது.

"அப்போ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"எனக்குக் கேக்கலை."

"தெரியும்."

"மாத்திரை திரும்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்றார். அதுக்கப்புறமும் எப்பவாவது வரலாமாம். அப்பவும் எனக்குக் கேக்காது." அவள் மை பட்ட இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "இருந்தாலும் கூப்பிடுங்க."

அவர் கக்கத்திலிருந்து கைகளை எடுத்தார். அந்தக் கையைப் பிடித்தார். உடைந்துவிடும் என்று பயந்தவர் போல, விரல்களை மூடாமல்.